தாயின் நலமும் சேயின் எடையும்

நாற்று நலிந்தால் விளைச்சல் குன்றும் என்பதைக் கல்லணை அமைந்த பூதலூர் வட்டத்து உழவர் எவரும் அறிவர். சேயின் நிலையும் அத்தகையதே. 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தை நோய்க்கு எளிதில் இலக்காகிறது. அவ்வெடை பெரிதும் தாயின் நலத்தையே பொறுத்தது.

முதற் காரணம் இரத்தசோகை. கருவுற்ற தாயின் 100 மில்லிலிட்டர் குருதியில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகையாகும். அசுத்தமான ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோல்வழியே கொக்கிப்புழுவின் இளம்புழு உட்புகுந்து, வளர்ந்து, குடலில் குருதியை உறிஞ்சுகிறது. ஆதலின் கழிப்பிடமும் காலணியும் தாய்க்கு மருந்துக்கு ஒப்பானவை. நான்காம் மாதம் முதல் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்ள வேண்டும்.

இளவயதுத் தாய்மை, அடுத்தடுத்த பிரசவம், அரைவயிற்று உணவு, வெற்றிலையுடன் புகையிலை, நிறைமாதத்திலும் ஓய்வின்றிக் குனிந்து நடவு நடுதல் ஆகியனவும் எடையைக் குறைக்கும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய நாம் செய்யத்தக்கவை சில உள. கருவுற்றோர் அனைவரும் மூன்று மாதத்திற்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துள்ளனரா எனப் பார்ப்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அப்பதிவு தேவை. நடவுக் காலத்தில் அவர்களுக்கு இலகுவான வேலை அளிப்போம். அதனால் கூலி குறையாதிருக்கவும் வழி செய்வோம்.