செவிலியரே தயங்கினால்?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றி எங்கள் ஊர்ச் செவிலியரிடம் கேட்டேன். "கல்யாணம் ஆகட்டும், பார்க்கலாம்" என்கிறார். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இந்த வைரஸ் தாம்பத்திய உறவின் வழியே தொற்றுவது. அதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். 9 முதல் 14 வயதுவரை ஏற்ற பருவம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்தச் செவிலியர்மீது கோபம் வேண்டாம். அன்றைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் நடந்த இந்தத் தடுப்பூசித் திட்டம், சில சிறுமிகள் இறந்ததையொட்டி 2010இல் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணையில் தெரிந்தது. பெற்றோரிடம் முறையாக ஒப்புதல் வாங்காததுதான் அங்கே நடந்த பெரும் பிழை. ஆனாலும் பயம் தங்கிவிட்டது. சரியான பயிற்சியும் கிடைக்காவிட்டால் ஊசி போடும் கையே தயங்கத்தானே செய்யும்? சிக்கிமிலோ 2018இல் சுகாதாரப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த ஊசியைப் பற்றி முதலில் விளக்கிச் சொன்னார்கள். 9 முதல் 13 வயதுச் சிறுமிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள்.

மகளைக் குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 30 வயது தாண்டியிருந்தால் நீங்களும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.