அசென்ஷன் தீவின் அரும்பெரணி: இனங்காணலும் வகைப்பாடும்

தொல்காப்பிய மரபியல், வன்மையைப் புறத்தே உடையனவற்றைப் புல் என்றும், அகத்தே உடையனவற்றை மரம் என்றும் பகுத்துரைக்கும். கையால் தொட்டு அறியத்தக்க ஓர் இயல்பை அளவுகோலாகக் கொண்ட பகுப்பு அது. பூவும் காயும் விதையும் இல்லாத பெரணிகளுக்கு எதனை அளவுகோலாகக் கொள்வது? இலையின் மேற்புறம் நம்மை ஏமாற்றும். கொத்தமல்லி இலை போல் நுணுகப் பிளவுண்ட இலைகள், ஒன்றோடொன்று உறவே இல்லாத பல பெரணிகளில் உண்டு. ஆதலின், பெரணியை அறிய விழைவோர் முதற்கண் இலையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். ஸ்போர்களைத் தாங்கும் நுண்பைகள் அங்கேதான் அமைந்துள்ளன.

இதற்குத் தக்கதொரு சான்று, தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, வெப்ப மண்டலத்தில், தனித்துக் கிடக்கும் அசென்ஷன் என்னும் எரிமலைத் தீவில் உள்ளது. அத்தீவின் பரப்பு ஏறத்தாழ 88 சதுர கிலோமீட்டர். அதன் உச்சியாகிய பச்சை மலையின் உயரம் 859 மீட்டர். அம்மலையில் வாழும் சின்னஞ்சிறு பெரணி ஒன்று, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பார்ஸ்லிக் கீரையை ஒத்த இலையுடையதாதலின் ஆங்கிலேயர் அதனைப் பார்ஸ்லிப் பெரணி என்றனர்.

இதற்கு அறிவியற் பெயர் சூட்டியவர், கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநராக விளங்கிய வில்லியம் ஹூக்கர். அவர் இட்ட பெயர் ஜிம்னோகிராமா அசென்ஷனிஸ். கிரேக்க மொழியில் ஜிம்னோஸ் என்பது ஆடையற்றது. கிராமா என்பது கோடு. ஸ்போர்ப் பைகள் இலை நரம்பின் வழியே கோடுபோல் அமைந்து, மேலே மூடுசவ்வு இன்றித் திறந்து கிடத்தலின் இது காரணப்பெயராயிற்று. பின்னொட்டோ இடப்பெயர்.

காரணம் சரியே, ஆயினும் அக்காரணம் மிக அகன்றது. மூடாத கோடுடைய பெரணிகள் பலவற்றையும் அந்தப் பேரினத்துள் இட்டு நிரப்பினர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில், சிறுவர் புறங்கையில் அழுத்தி வெள்ளை அச்சுப் பதிக்கும் வெள்ளிப் பெரணியும் ஒருகால் அங்கே இருந்ததுதான். அதன் இலையடியில் தவிடு தூவினாற்போல் வெண்பொடி படிந்திருத்தலின், தவிடு என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பிட்டிரோகிராமா எனத் தனியே பிரிக்கப்பட்டது. பொடியற்ற மெல்லிய சிறு பெரணிகள் சில அனோகிராமா என்னும் இனத்தில் அமைந்தன. அசென்ஷன் பெரணியை அதில் சேர்த்தவர் ஜெர்மானிய அறிஞர் டீல்ஸ். அனோகிராமா லெப்டோபில்லா என்னும் அதன் உறவினம் மத்தியதரைக்கடல் நாடுகளிலும் நம் நீலகிரியிலும் உண்டு.

பச்சை மலையில் ஏறுவோர்க்கு இவ்வறிவு இன்றியமையாதது. அங்கு வெளியிலிருந்து வந்து படர்ந்த மெய்டன்ஹேர் பெரணிகள் ஈரப் பாறைகளை மூடிக் கிடக்கின்றன. அவற்றின் காம்பு கருத்துப் பளபளக்கும். இலை விளிம்பே மடிந்து ஸ்போர்ப் பைகளை மூடும். அனோகிராமாவில் அம்மடிப்பு இல்லை. இவ்வேறுபாட்டைக் காணத் தவறின், அரிய செடியின்மீதே காலை வைத்துக் கடந்துவிடுதல் கூடும்.

வில்லியம் ஹூக்கரின் மைந்தர் ஜோசப் ஹூக்கர் 1843இல் இத்தீவுக்கு வந்தார். நீர்வளம் பெருக மரம் நடுக என்று அவர் கூறிய ஆலோசனையின்படி அயல்நாட்டு மரங்களும் செடிகளும் கொண்டுவரப்பட்டன. தந்தை பெயரிட்ட பெரணியின் வாழிடம், மைந்தரின் நல்லெண்ணத்தாலும் சுருங்கியது எனலாம். அதற்கு முன்பே போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ஆடுகளும் மேய்ந்து தீர்த்திருந்தன. இறுதியில், 2003இல் இப்பெரணி அற்றுப்போன இனம் என அறிவிக்கப்பட்டது.

2009இல் ஸ்டெட்சன் ஸ்ட்ரவுட், பில் லாம்ப்டன் என்னும் இருவர் பச்சை மலையின் செங்குத்துச் சரிவில் நான்கு சிறு செடிகளைக் கண்டனர். ஸ்போர் தாங்கிய இலைத்துண்டுகள் ஒரே நாளுக்குள் கியூ பூங்காவைச் சென்றடைந்தன. 2010ஆம் ஆண்டிற்குள் அங்கு ஏறத்தாழ அறுபது செடிகள் வளர்க்கப்பட்டன.

இல்லை என்று முடிவுகட்டுதல் பெரணிகளில் எத்துணை அரிது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஸ்போர் முளைத்ததும் இலையுடைய பெரணி நேரே தோன்றுவதில்லை. புரோதாலஸ் என்னும் நுண்ணிய பசுந்தகடே முதலில் தோன்றும். நீலகிரி உறவினமாகிய லெப்டோபில்லாவில் இலைச்செடி ஓராண்டிலேயே மடியும். பசுந்தகடோ மண்ணோடு மண்ணாய்ப் பல்லாண்டு தங்கி, மீண்டும் இலை தரும். இலையை மட்டும் தேடுவோர்க்கு அத்தகைய தாவரம், உயிரோடிருந்தும் இல்லாததாகும்.

இன்று இப்பெரணி மிகக் கடும் அழிவுநிலையில் உள்ள இனங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அத்தீவுக்கே உரிய மற்றொரு பெரணியாகிய டிரையோப்டெரிஸ் அசென்ஷனிஸ் அற்றுப்போன இனங்களின் பட்டியலிலேயே இன்னும் நிற்கிறது.