ஆங்கிலத் தத்துவ நூற் சொற்கள் சில

ஆங்கிலத்திலுள்ள தத்துவ நூல்களைக் கற்கப் புகுவார்க்கு அருஞ்சொற்களால் வரும் இடர் சிறிது. எளிய சொற்களால் வரும் இடரே பெரிது. அருஞ்சொல்லைக் கண்டவழி அகராதியைப் புரட்டுகின்றோம். எளிய சொல்லையோ முன்னரே அறிந்ததாகக் கொண்டு மேற்செல்லுகின்றோம். ஆதலின் அத்தகைய சொற்கள் சிலவற்றை, ஆசிரியர்கள் மாணாக்கர்க்கு உணர்த்துதற்கு உதவுமாறு, ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் 'ஐடியா' என்பதை நோக்குக. உலக வழக்கில் இது எண்ணம், யோசனை எனப் பொருள்படும். இதன் மூலமாகிய கிரேக்கச் சொல் காண்டல் என்னும் வினையோடு இயைபுடையதாய், காணப்படும் வடிவைக் குறித்தது. பிளேற்றோ அதனை, பொறிகளுக்கு எட்டாது அறிவுக்கே புலனாய் என்றும் மாறாது நிற்கும் மூலவடிவுக்குப் பெயராக்கினார். அழகிய பொருள்கள் பல தோன்றி மறைய, அழகு என்னும் ஐடியா ஒன்றாய் நிலைபெறும் என்பது அவர் கொள்கை. நினைப்பார் ஒருவரும் இல்லாவிடத்தும் அஃது உள்ளதாம். அதனை 'எண்ணம்' என மொழிபெயர்ப்பின் அவர் மதம் தலைகீழாய்விடும்.

1690 எனப் பொறிக்கப்பட்டு வெளிவந்த நூலில் லொக் என்பார், நினைக்குங்கால் அறிவுக்கு விடயமாவது எதுவோ அதுவே ஐடியா என்றார். வெண்மை, இனிமை, யானை, சேனை யாவும் அவர்க்கு ஐடியாக்களே. 1710-இல் பேர்க்லி, யாம் நேரே காண்பன ஐடியாக்களேயாகலின் மரமும் கல்லும் ஐடியாக்களின் தொகுதி என்றார். மரம் பொய் என்று அவர் கூறினாரல்லர். 'ஐடியா'வைக் கற்பனை எனக் கொண்டவரே அவர்மீது அப்பழியைச் சுமத்தினர். அவரது 'ஐடியலிசம்' என்னும் கொள்கையை 'இலட்சியவாதம்' என்று எழுதுவாரும் உளர். இலட்சியத்துக்கும் அதற்கும் யாதும் இயைபில்லை. பின்னர் 1739-இல் ஹியூம் இச்சொல்லின் எல்லையைக் குறுக்கினார். தீயைத் தொட்டபோது உண்டாகும் வெம்மை 'இம்பிரெஷன்'. மறுநாள் அதனை நினைக்குமிடத்து மங்கலாய்த் தோன்றும் அதன் சாயல் 'ஐடியா'. லொக் கெடுத்த சொல்லைத் தாம் பழைய நிலையில் நிறுத்துவதாகவும் அவர் குறிப்பெழுதினார்.

இனி, இதனினும் மயக்கந் தருவன 'சப்ஜெக்டிவ்', 'ஒப்ஜெக்டிவ்' என்னும் இரண்டுமாம். இக்காலத்து முன்னையது அறிவான் ஒருவனைச் சார்ந்தது எனவும், பின்னையது அவனைச் சாராது புறத்தே உள்ளது எனவும் பொருள்படும். இடைக்காலத்து ஐரோப்பியப் புலவரிடத்தோ இவை ஏறக்குறைய நேர்மாறாய் வழங்கின. இலத்தீனில் 'சப்ஜெக்ட்' என்பது கீழே இடப்பட்டது. அஃதாவது குணங்களைத் தாங்கி நிற்கும் பொருள். 'ஒப்ஜெக்ட்' என்பது எதிரே இடப்பட்டது. அஃதாவது அறிவின் முன் வைக்கப்பட்டது. ஆகவே அறிவின்கண் விடயமாய் இருத்தலே 'ஒப்ஜெக்டிவ்' ஆயிற்று. 1641-இல் நூல் வெளியிட்ட டேக்கார்ட் இப்பொருளிலேயே வழங்கினார். வானத்து ஞாயிறே அறிவின்கண் ஒப்ஜெக்டிவாக இருத்தலை ஞாயிற்றின் ஐடியா என்பர் அவர்.

அவர் கடவுள் உண்மையை நாட்டும் ஏதுவும் இச்சொல்லின்மேலேயே நிற்கின்றது. ஓர் ஐடியா தன்னகத்துக் காட்டும் உண்மை எத்துணையோ, அத்துணைக்குக் குறையாத உண்மை அதன் காரணத்தின்கண் இருத்தல் வேண்டும். முடிவிலாப் பொருளைக் காட்டும் ஐடியாவுக்கு முடிவுடைய யான் காரணமாதல் கூடாது என்பது அவ்வேது. அங்கு வரும் 'ஒப்ஜெக்டிவ் ரியாலிட்டி' என்பதைப் 'புறத்துண்மை' எனப் பெயர்ப்பின், நிறுவவேண்டியதை முன்னரே கொண்டு வாதிட்டார் என்னும் வீண்பழி அவர்க்கு வரும். யாமும் முன்னர் ஒருகால் அவ்வாறே பயிற்றி, அவர் வாதத்தை எளிதில் மறுத்துவிட்டதாக மகிழ்ந்தோம். மாணாக்கனொருவன், "இத்துணைப் பெரியார் இத்துணைச் சிறுபிழை செய்வாரோ?" என்று வினாவிய பின்னரே நூலை மீளப் பார்த்தோம். அவ்வேதுவை மறுக்க வேறு வழிகள் உள, அது வேறு.

பொருள் மாறியது 1781-இல் நூல் வெளியிட்ட கான்ற் என்பாரையும் அவர் வழிவந்த ஜெர்மானியரையும் ஒட்டியாகும். 1817-இல் வெளிவந்த தம் நூலில் கோல்ரிட்ஜ் அப்புதுப்பொருளை ஆங்கிலத்தில் எடுத்து வழங்கினார்.

'ரியலிசம்' என்பதும் இத்தகையதே. இடைக்காலத்தில் பொதுமை உள்பொருள் என்பார் கொள்கைக்கு அது பெயர். இன்று அறிவைச் சாராது உலகம் உண்டு என்பார் கொள்கைக்குப் பெயர். ஆதலின் கரும்பலகையில் இத்தகைய சொல்லை எழுதுமிடத்து, தமிழ்ப் பொருளை எழுதுமுன் ஆக்கியோன் பெயரையும் ஆண்டையும் அருகே எழுதுக. 'சப்ஸ்டன்ஸ்' என்பதை எடுத்துப் பழகலாம்: ஸ்பினோசா, 1677, தன்னிலே தான் நின்று தன்னாலேயே அறியப்படும் ஒரே பொருள், லொக், 1690, குணங்களைத் தாங்குவதாக யாம் கருதும், இன்னதென்று அறியப்படாத ஏதோ ஒன்று.