மண்ணுக்குள் இறங்கிய மழை எவ்வளவு?



1959-ல் திறந்த நம்ம வைகை அணையின் உயர்ந்தபட்ச நீர்மட்டம் 71 அடி. தினமும் எத்தனை அடி தண்ணீர் நிக்குதுன்னு பேப்பரில் போடுவாங்க. ஆனால் பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எப்படி அளப்பது?

மதுரை நகரம் அணைத் தண்ணீரோடு, கோச்சடை, மேலக்கால் போன்ற இடங்களில் வைகை மணலுக்குள் ஊறும் தண்ணீரையும் குடிநீராக எடுக்கிறது. எவ்வளவு ஊறுதுன்னு தெரிஞ்சால்தானே எவ்வளவு எடுக்கலாம்னு சொல்ல முடியும்?

இதற்கு மூன்று எண்களைப் பெருக்க வேண்டும்:

நிலத்தின் பரப்பு × மழைக்குப் பின் நீர்மட்டம் ஏறிய அளவு × மண் அல்லது பாறை விட்டுக்கொடுக்கும் தண்ணீரின் பங்கு.

1997-ல் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு தந்த அட்டவணைப்படி, ஆற்று மணல் என்றால் இந்தப் பங்கு 16 சதவீதம். களி குறைந்த சிதைந்த பாறை என்றால் 3 சதவீதம்தான். நம்ம பக்கம் பெரும்பாலும் பாறை பூமி.

நானும் எங்க தோட்டத்துக் கிணற்றில் கயிற்றில் கல் கட்டி அளந்தேன். முதல் தடவை மோட்டார் நின்ன உடனே அளந்துட்டேன். அது தப்பு. தண்ணீர் ஊறி பழைய மட்டத்துக்கு வரும்வரை காத்திருக்கணும்னு அறிவியல் ஆசிரியை சொன்னார்கள். மறுபடி சரியாக அளந்தேன். புரட்டாசி கடைசியில் 12 மீட்டர் ஆழத்தில் தண்ணீர். தை பிறந்ததும் 9 மீட்டர். ஆக 3 மீட்டர் ஏறியிருக்கிறது.

ஒரு ஹெக்டேருக்கு: 10,000 × 3 × 0.03 = 900 கன மீட்டர். அதாவது 9 லட்சம் லிட்டர்!

அடேயப்பா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்க மோட்டார் 15 லிட்டர் குடத்தை 3 விநாடியில் நிரப்புது. மணிக்கு 18,000 லிட்டர். தினம் 5 மணி நேரம் ஓடினால், 9 லட்சமும் பத்தே நாளில் தீர்ந்துவிடும்!

இது தோராயக் கணக்குதான். இடையில் இறைத்த தண்ணீரைக் கூட்டணும், வாய்க்காலில் இருந்து ஊறியதைக் கழிக்கணும். ஒரு கிணறு மட்டும் போதாது, பல கிணறுகளை அளக்கணும்.

"தண்ணி பத்தலை, இன்னொரு போர் போடலாம்"னு அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கைக் காட்டினேன். புது போர் போட்டாலும் அதே மழைத் தண்ணீரைத்தானே எடுக்கும்? "சரி, இந்த வருஷம் வாழை வேண்டாம், கம்பு போடுவோம்" என்றார்.

தோழர்களே, தோழிகளே! உங்க வீட்டுக் கிணற்றையும் மழைக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். எட்டிப் பார்க்காமல் பெரியவர்கள் துணையோடு அளக்கவும்.

வரவை அறிவோம்! செலவைக் குறைப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி