நினைவக அட்டைக்கு ஏற்ற கோப்பு முறைமை எது?

கோப்புகளை அட்டையில் எந்த ஒழுங்கில் எழுதுவது என்பதை வகுப்பதே கோப்பு முறைமை. லினக்ஸில் இவை பல. எதைத் தேர்ந்தெடுப்பது?

ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய பதிவின்மேல் நேரடியாக எழுத முடியாது. ஒரு தொகுதி முழுவதையும் அழித்த பிறகே எழுத இயலும். ஒவ்வொரு தொகுதியும் குறிப்பிட்ட தடவைகளே அழிப்பைத் தாங்கும். எஸ்டி அட்டையினுள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு இத்தேய்மானத்தைப் பரவலாக்குகிறது. ஆகவே, அச்சில்லு இல்லாத வெற்று ஃபிளாஷுக்காக உருவான ஜேஎஃப்எஃப்எஸ்2 இங்குத் தேவையில்லை.

நான் வசிக்கும் புக்கிட் மேராவில், துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவின் நினைவுகளைக் காணொளியாகப் பதிவு செய்வதாகக் கொள்வோம். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது. நீண்ட பேச்சு துண்டுபடும். கேமரா, விண்டோஸ், லினக்ஸ் மூன்றுக்கும் அட்டை போய்வர எக்ஸ்ஃபேட் பொருந்தும். 2020இல் வந்த லினக்ஸ் 5.7 முதல் அதற்குச் சீரான ஆதரவு உண்டு. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் மாற்றங்களை முன்கூட்டிக் குறிக்கும் குறிப்பேடு இல்லை. எழுதும்போது அட்டையைப் பிடுங்கினால் கோப்புகள் சிதையலாம். 'அன்மவுண்ட்' செய்த பின்னரே எடுக்க வேண்டும்.

ராஸ்பெரி பை போன்ற கணினியிலேயே தங்கும் அட்டைக்கு எக்ஸ்ட்4 சிறந்தது. அதன் குறிப்பேடு, மின்சாரம் தடைபட்டாலும் முறைமையின் கட்டமைப்பைக் காக்கும். 'நோஏடைம்' என்ற தெரிவு வீண் எழுத்துகளைக் குறைக்கும். சாம்சுங் உருவாக்கி, 2013இல் லினக்ஸ் 3.8இல் இணைந்த எஃப்2எஃப்எஸ் மற்றொரு தெரிவு.

எனினும், செயலிழந்த அட்டையை எந்த முறைமையும் மீட்காது. பதிவு செய்த அன்றே இரண்டு இடங்களில் நகலெடுங்கள். தாத்தாவிடம் மறுபடி கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்காமலே போகலாம்.