கப்பி வேண்டாம், மேசை போதும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகிறது. இடது கை தொங்குகிறது, தோளில் வலி. கப்பியில் கயிறு மாட்டிக் கையை இழுத்துப் பயிற்சி கொடுக்கலாமா?

– வாசகி, மதுரை

கப்பியைக் கழற்றிவிடுங்கள்.

தோள் மூட்டைப் பிடித்து நிறுத்துவதே சுற்றியுள்ள தசைகள்தான். அவை தளர்ந்தால் மேற்கை எலும்பின் பந்து முனை குழியிலிருந்து கீழிறங்கும். அந்த நிலையில் தலைக்கு மேல் இழுத்தால் தசைநார் நசுங்கி வலி கூடும். அப்பா உட்காரும்போதெல்லாம் முன்கைக்கு அடியில் தலையணை இருக்கட்டும். எழுப்பும்போது கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்காதீர்கள், இடுப்பைப் பிடியுங்கள். சட்டை போடும்போது இடது கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

பயிற்சிக்கு மேசை போதும். இரு கை விரல்களையும் கோத்து, வலிக்காத தூரம் வரை மேசைமேல் முன்னால் நகர்த்தட்டும். இரண்டு மாதம்தானே ஆகிறது, தேறுவதற்கு நல்ல காலம் இதுதான்!