பட்டாளத்தை விட்டு வந்தவர் மனசு... ரத்தம் காரணமா, தனிமை காரணமா?

"அவங்க தாத்தா அப்படித்தான் போனார், சித்தப்பாவும் அப்படித்தான். ரத்தத்துலயே இருக்கு டாக்டர்!" தற்கொலை நடந்த குடும்பங்களில் இந்தப் பேச்சு சகஜம். இதில் எவ்வளவு நிஜம்?

இதைப் பெரிய அளவில் ஆராய்ந்திருப்பது அமெரிக்காவில், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களிடம். காரணம் இருக்கிறது. அங்கே 2022-ல் மட்டும் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒரு நாளைக்குச் சராசரி 17 பேருக்கு மேல்!

முதலில் பரம்பரை. வியட்நாம் போர்க் காலத்துப் படைவீரர்களில் இரட்டையர்களை மட்டும் தனியே பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களையும் சாதாரண இரட்டையர்களையும் ஒப்பிட்டதில், பரம்பரைக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தது. பிறகு 2011-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், 2023-க்குள் 10 லட்சம் முன்னாள் வீரர்கள் சேர்ந்து ரத்தம் கொடுத்தார்கள். அதிலிருந்து தெரிவது: 'தற்கொலை மரபணு' என்று ஒன்று தனியாகக் கிடையாது. சின்னச் சின்னதாக ஏராளமான மரபணுக்கள், மனச்சோர்விலும் சம்பந்தப்பட்டவை, ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன. அவ்வளவுதான். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வந்தே தீரும் என்றில்லையே! சித்த வைத்தியத்தில் உடல்வாகு என்று சொல்வதும் இப்படித்தான். அது தலையெழுத்து அல்ல.

அப்படியானால் எது தள்ளுகிறது? போர்க்களத்தில் பார்த்த கோரம்தான் என்று நினைப்போம். 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, 39 லட்சம் பேரின் விவரங்களை அலசியது. போர்முனைக்குப் போனதைவிட, பட்டாளத்தை விட்டு வெளியே வந்ததுதான் ஆபத்தோடு அதிகம் ஒட்டியிருந்தது. நாலு வருஷம் முடியாமல் வந்தவர்களுக்கும், நற்பெயர் இல்லாமல் அனுப்பப்பட்டவர்களுக்கும் இன்னும் மோசம்.

யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை எழுப்ப, சாப்பிட, தூங்க எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. உயிரைக் கொடுக்கும் தோழர்கள் உண்டு. வீட்டுக்கு வந்தால்? மனைவி இத்தனை வருஷமாகத் தனியாகவே குடும்பத்தை நடத்திப் பழகிவிட்டாள். பிள்ளைகள் அவரை விருந்தாளி மாதிரி பார்க்கிறார்கள். கூடவே தீராத முதுகுவலி, தூக்கமின்மை, பாட்டில். ஒருநாள் வாயிலிருந்து வருகிறது: "நான் இருந்து என்ன பிரயோசனம், உங்களுக்கெல்லாம் பாரம்தானே!" இது வெறும் கோபப் பேச்சு இல்லை.

தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 2005-ல் இதை அழகாகச் சொன்னார். எங்கும் சேராத உணர்வு, பாரமாகிவிட்ட உணர்வு, சாவைக் கண்டு பயம் போய்விடுவது. இந்த மூன்றும் சேரும்போதுதான் உச்ச ஆபத்து. மூன்றாவதைப் பட்டாளப் பயிற்சியே கொடுத்துவிடுகிறது, பாவம்!

அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். கைக்கெட்டும் தூரத்தில் சாதனம் இல்லாவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். இஸ்ரேல் ராணுவம் 2006-ல், வார விடுமுறைக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றது. தற்கொலைகள் சுமார் 40 சதவிகிதம் குறைந்தன. நம் வீடுகளில் துப்பாக்கி அபூர்வம். பூச்சிமருந்தும் மாத்திரை டப்பாவும் இருக்கின்றனவே? அவற்றைப் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியமான பொருட்களைத் தானம் செய்வது, திடீரென்று கணக்கு வழக்கை முடிப்பது, அலைபாய்ந்தவர் சட்டென்று அமைதியாவது... சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாங்க?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலர் அப்பாடா என்று கொட்டிவிடுவார்கள். ஆனால் அவரைத் தனியாக விடாதீர்கள்.

தூக்கத்துக்கு நானும் அமுக்கரா சூரணம் கொடுப்பவன்தான். ஆனால் இந்த நிலையில் சூரணத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். ராணுவ பென்ஷன்காரர்களுக்கு இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் இருக்கிறது. மனைவியோ மகனோ கூடவே போங்கள். தனியாக அனுப்பினால், "கூட்டமா இருந்துச்சு" என்று திரும்பி வந்துவிடுவார்!